அரை

பொருட்கணக்கெடுப்பு, மார்கழி, மூன்றாம் நாள்.
உட்துறைமுகத்தின் மேல் மழை
சாய்ந்து நின்றுகொண்டிருக்கிறது.
பதிவேட்டில் நாற்பத்தேழாம் இலக்கம்:
பூகோள உருண்டை, தகரம், ஒன்று.

கையில் கிடைத்தது பாதி.
விஞ்ஞான அறை மேசையில் மல்லாந்து கிடந்தது
வட அரைக்கோளம்,
வயிற்றில் சோக்குத் துண்டுகள், துருப்பிடித்த கவராயம்,
யாரும் உரிமை கோராத இருபது ரூபாத் தாள்.
கவிழ்த்துப் பார்த்தேன்.
இலங்கை இருந்தது, கடலைப்பருப்பளவு.
திருகோணமலை என்று அச்சிடவில்லை;
எந்தப் பிள்ளையோ நீல மையால்
ஒரு புள்ளி குத்தியிருந்தது.
நடுக்கோட்டுக்கு வடக்கே,
கிரீனிச்சுக்குக் கிழக்கே.
உலகத்திலும் நாங்கள்
வடக்கு கிழக்குத்தான்.

தெற்குப் பாதியைக் கண்டுபிடித்தவர் நிஹ்மத்துல்லா,
கிண்ணியாவிலிருந்து வந்த கணக்காய்வாளர்.
நூலகக் கூரை ஒழுகும் இடத்தில்
யாரோ ஏந்தி வைத்திருந்தார்கள்.
மூன்று விரல் தண்ணீர்.
அவுஸ்திரேலியாவின் உட்புறத்தில்
நுளம்புக் குடம்பிகள் தலைகீழாகத் தொங்கின.
"அந்தப் பாதியில கடல்தானே கூட,
இப்ப உள்ளுக்கையும் கடல்" என்றார்.
பிறகு பேனையைத் திறந்தார்:
"ஒண்டு எண்டு போடவா, ரெண்டு எண்டு போடவா?"

ஒன்று என்றால் பாதி பொய்.
இரண்டு என்றால் மேலதிகம் எப்படி வந்தது
என்று விளக்கம் எழுத வேண்டும்.
பாதிக்கு நிரல் இல்லை அந்தப் படிவத்தில்.

தொண்ணூற்றெட்டில்
கொட்டியாரக் குடாவின் இந்தக் கரையில் மணி பத்து.
அந்தக் கரையில், சம்பூரில், ஒன்பதரை.
அரசு முள்ளைத் தள்ளியது,
அவர்கள் தள்ளவில்லை.
கூனித்தீவில் மச்சாளுக்குக் கல்யாணம்.
முகூர்த்தம் ஒன்பது நாற்பது;
யாருடைய ஒன்பது நாற்பது என்று
அழைப்பிதழில் போடவில்லை.
வள்ளத்தால் இறங்கி
தாலி ஏறிவிட்டதா, இனித்தானா என்று கேட்க
கரையில் ஒரு நாய் மட்டும் நின்றது.
எந்த உருண்டையிலும்
அந்தக் கோடு இல்லை.

மற்றக் கோட்டைக் கடந்த ஒருவனை எனக்குத் தெரியும்.
கொட்பேயிலிருந்து போன பலநாள் படகு,
இயந்திரம் நின்று பதினாறு நாள் அடிபட்டுப் போனது.
பிடித்தவர்களின் தாளில் இருந்தது:
தெற்கு, ஏழு பாகை.
கோட்டைக் கண்டாயா என்று
மரியசீலனைக் கேட்டேன்.
"கோடோ? சீனி முடிஞ்ச நாள் தெரியும்.
அரிசி முடிஞ்ச நாள் தெரியும்.
ஒருநாள் இரவு வடமீனைக் காணேல்லை.
முகில் எண்டு நினைச்சன்.
அடுத்த நாளும் இல்லை.
பிறகு அந்தப் பக்கம் பாக்கிறதை விட்டிட்டன்."

தண்ணீரைச் சன்னலால் ஊற்றினேன்.
பாதியோடு பாதியைப் பொருத்தி
கோப்புக் கட்டும் நாடாவைச் சுற்றினேன்.
அரை என்றால் பாதி.
அரை என்றால் இடுப்பும்தான்.
பிள்ளைக்கு முப்பத்தொன்றன்று கட்டுகிற அரைஞாண்
பூமிக்கு இவ்வளவு பிந்தி,
அதுவும் அரசாங்க நாடாவில்.

முடிச்சு
நீலப் புள்ளிக்கு ஒரு விரல் கீழே
நடுக்கடலில் விழுந்தது.
அவன் அண்ணாந்து பார்த்த இடம்
அதற்குக் கிட்டத்தான் இருக்க வேண்டும்.

நிஹ்மத்துல்லா ஒன்று என்று எழுதினார்.
குறிப்பு நிரலில்: கட்டப்பட்டுள்ளது.

தூக்கி அலுமாரிக்கு மேல் வைக்கும்போது
உள்ளே ஏதோ உருண்டது.
எடுக்க மறந்த சோக்குத் துண்டு.
வடக்கிலிருந்து தெற்குக்கும்
தெற்கிலிருந்து வடக்குக்கும்
ஒரு தடையும் இல்லாமல் போய்வந்தது.

"நாற்பத்தெட்டு" என்றார் அவர்,
"தராசு. தட்டு எத்தினை?"