ஒன்பது தீப்பெட்டிகள்

மின்சாரம் போய் மூன்றாம் நாள்.
சோன்சியில் வடக்குக் காற்று அடித்தால்
முதலில் கால் தளர்வது கம்பங்களுக்குத்தான்.
சிப்பிக் கூடத்தில் பட்டை ஓடவில்லை.
அதற்கு மேலே தொங்கிய புதுக் கேமரா
ஒற்றைக் கண்ணைத் திறந்தபடியே தூங்கியது.

அதற்குள்ளே என்னதான் இருக்கிறது என்று கேட்டாள் எர்சிரா.
அதைப் பொருத்த வந்து புயலில் மாட்டிக்கொண்ட யாஸ்னா
செயற்கை நுண்ணறிவு என்றாள்.
அது பெயர்,
நான் கேட்டது உள்ளே இருப்பதை.

யாஸ்னா கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள்.
பிறகு ஒன்பது தீப்பெட்டி கேட்டாள்.
குச்சிகளை மாத்தே கோப்பையில் கொட்டிவிட்டு
பெட்டி முதுகில் இரண்டு முதல் பத்து வரை எழுதினாள்.
ஒன்றுக்குப் பெட்டி கிடையாது.
ஒன்றே மிஞ்சினால் யோசிக்க என்ன இருக்கிறது?

மேசையில் பத்துச் சிப்பி ஓடுகள்.
ஒரு முறைக்கு ஒன்றோ இரண்டோ எடுக்கலாம்.
கடைசி ஓடு யார் கையில் வருகிறதோ
அவர் தோற்றார்.
ஒவ்வொரு பெட்டியிலும்
சிவப்பு அவரை மூன்று, கருப்பு மூன்று.
எத்தனை ஓடு மிச்சமோ அந்த எண் பெட்டியைக் குலுக்கி
கண்ணை மூடி ஒரு விதை எடு.
சிவப்பென்றால் ஒன்று, கருப்பென்றால் இரண்டு.
பெட்டிகள் தோற்றால்
அந்த ஆட்டத்தில் உருவிய விதைகள் திரும்பிப் போகாது.
வென்றால் போகும்,
கூடவே அதே நிறத்தில் இன்னொன்று.

அவ்வளவுதானா?
அவ்வளவுதான். உங்கள் கேமராவில் பெட்டிகள் கோடிக்கணக்கில்.

முதலில் அசடு மாதிரி தோற்றது.
நான் சிரித்தேன்.
முப்பதாவது ஆட்டத்தில் சிரிப்பு குறைந்தது.
ஐம்பதை ஒட்டி
ஒரு தீப்பெட்டி என்னைத் தோற்கடித்தது.
திறந்து பார்த்தேன்.
அவரைதான்.
ஜெயித்த களை எந்த விதையிலும் இல்லை.

இரவு காவலுக்கு வந்த பால்தொமேரோ
விளக்கை ஏற்றிவைத்து விடியும்வரை ஆடியிருக்கிறான்.
காலையில் வாசலிலேயே மறித்துச் சொன்னான்:
இருநூறு ஆட்டம்! இப்போது அது ஒரு மேதை!

எர்சிரா கையுறையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள்.
ஓடுகள் குறைந்து நாலு மிச்சம், பெட்டியின் முறை.
நாலாம் பெட்டி சிவப்பால் பிதுங்கி
மூட மறுத்தது.
சிவப்பே வந்தது. ஒன்று எடுத்தது.
எர்சிரா இரண்டு எடுத்தாள்.
மிஞ்சிய ஒற்றை ஓட்டை
மேதையின் சார்பில் யாஸ்னா எடுத்துக்கொண்டாள்.

நீ எப்போதும் ஒன்றுதான் எடுத்தாயா, பால்தொமேரோ?
கை விறைத்துப் போயிருந்தது.
ஒன்று எடுப்பது சுலபம்.

அது ஆட்டத்தைக் கற்கவில்லை.
பால்தொமேரோவைக் கற்றிருந்தது,
அவன் குளிரையும் சேர்த்து.

எல்லோரும் சிரித்தார்கள்.
நான் ஒர்ஃபெலினாவைப் பார்த்தேன்.
அவள் தரையைப் பார்த்தாள்.
ஏப்ரலில் இருபதாயிரம் படங்களில்
நல்லது, கெட்டது என்று குறித்தது நாங்கள் இருவர்.
வெள்ளிக்கிழமை மாலைகளில்
கடைசிப் படகுக்கு நேரமாகிவிடும்.
ஓட்டில் பழுப்புக் கீறல் கண்டதையெல்லாம்
கெட்டதில் தள்ளிவிட்டுக் கோட்டை மாட்டுவோம்.
கீறல் நல்ல சிப்பிக்கும் உண்டு,
நல்ல மனிதருக்கும் தழும்பு இருப்பது மாதிரி.

ஐந்தாம் நாள் மின்சாரம் வந்தது.
அதற்கு முன்பே விதைகளை
உப்பும் பூண்டும் போட்டு வேகவைத்துவிட்டாள் ஒர்ஃபெலினா.
நாலாம் பெட்டியின் தவறு
எந்தத் தட்டுக்குப் போனதோ தெரியாது,
ருசியாகவே இருந்தது.

பட்டை நகர்ந்தது. கண் விழித்தது.
சிப்பிகள் வரிசையாக வந்தன.
திடீரென்று ஒரு காற்று ஊதல்,
ஒன்று துள்ளிக் கழிவுத் தொட்டியில் விழுந்தது.
குனிந்து எடுத்தேன்.
கெட்டியாக வாய் மூடிய, உயிருள்ள சிப்பி.
முதுகில் பழுப்பாய் ஒரு கீறல்.

உடனே அடையாளம் தெரிந்தது.
என் வெள்ளிக்கிழமை.

அதை ஏப்ரனில் துடைத்து
யாஸ்னாவின் கணினிக்கு அருகில் வைத்தேன்.
ஏப்ரல் படங்களைத் திற என்றேன்.
இன்றைக்குப் படகு போனால் போகட்டும்.