உப்புத் தின்ற சில்லு

ஐந்து நட்டும் கழற்றித்
தயிர்ப் பெட்டிக்குள் போட்டாயிற்று.
திரும்ப எண்ணினேன். ஐந்துதான்.
பிடித்து வைக்க இனி ஒன்றுமே இல்லை.
சில்லு மட்டும்
அசையமாட்டேன் என்று நிற்கிறது.

மொன்றியல். பார்க் எக்ஸ்ரென்ஷன்.
வீட்டுக்குப் பின்னால் குறுக்கொழுங்கை.
நவம்பர் இருபத்தெட்டு.
டிசம்பர் பிறக்கமுதல் பனிக்கால ரயர் மாட்டாவிட்டால்
பொலிஸ் தண்டம் எழுதும்.
கராஜில் ஒன்பதாம் திகதிதான் இடமாம்.
அவன் விலை சொன்ன விதமும் பிடிக்கவில்லை.

இழுத்தேன்.
மணிக்கூட்டின் ஒன்பதில் ஒரு கை, மூன்றில் ஒரு கை.
பிறகு பன்னிரண்டிலும் ஆறிலும்.
அடிப்பிடித்த புக்கைகூட
இவ்வளவு பிடிவாதமாய்ச் சட்டியைப் பிடித்ததில்லை.
நிலத்தில் இருந்து
குதிக்காலால் உதைத்தேன், இரண்டு தரம்.
ஜாக்கியின் மேல் கார் முனகியது.
மூன்றாவது உதையை
எனக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

நாலு பனிக்காலம்
நகரசபை தெருத்தெருவாய்க் கொட்டிய உப்பைத்
தின்ற சில்லு இது.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று
இதற்கு ஆர் சொல்லிக்கொடுத்தார்கள்?
சிரித்தேன்.
நிறைய நேரம் இல்லை.

பதினொரு வருடம்
சென்லோரன் பாண் பக்ரறியில்
உறைந்த பாண் பெட்டி அடுக்கினேன்.
செப்டெம்பரில் கடிதம் தந்தார்கள்.
இரண்டு மொழியில்.
இரண்டிலும் என் பெயரில் எழுத்துப்பிழை.
என்றாலும் விடிய நாலரைக்குக் கண் முழிக்கிறது.
அலாரம் இல்லை. பஞ்ச் அட்டை இல்லை.
எழும்பித் தேத்தண்ணி வைத்து,
சில நாளில்
சப்பாத்தின் கயிறுவரைக்கும் கட்டிவிடுகிறேன்.

குப்பைப் பையோடு இறங்கி வந்தான்
மேல்மாடி வில்னேர். ஹெயிட்டிக்காரன், ராக்சி ஓட்டுகிறவன்.
சில்லைப் பார்த்தான். தொடவில்லை.
தயிர்ப் பெட்டியை எடுத்து என் கையில் தந்தான்.
"எல்லாத்தையும் திரும்பப் பூட்டு."
"கழட்டத்தானே நிக்கிறன்!"
"பூட்டு. பிறகு அரைச்சுத்துத் தளர்த்து.
காரை இறக்கு. மெல்ல ஓடு. டக்கெண்டு பிறேக்கை அமத்து."
என் பிரெஞ்சுக்கு இவ்வளவுதான் விளங்கியது;
மிச்சத்தை அவன் கைகள் சொல்லின.
"துஸ்மோன், மதாம்," என்று விட்டுப்
படியேறினான்.

பூட்டினேன்.
கழற்ற வந்தவள் பூட்டுகிறாள் என்று
பின்படியில் இருந்த பூனை பார்த்தது.
அரைச்சுற்றுத் தளர்த்தி,
ஜாக்கியை இறக்கி,
பத்தடி முன்னே. பிறேக்.
பத்தடி பின்னே. பிறேக்.
ஒழுங்கையின் அந்தப் பக்கம் ஆரோ யன்னலைத் திறந்து
மூடினார்கள்.
முன்னே. பின்னே.
ஓட்டம் பழகுகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

ஐந்தாம் தரமோ ஆறாம் தரமோ,
சொடக்கு.
நெட்டி முறிந்த மாதிரி ஒரு சத்தம்.
என் முதுகில்தானோ என்று ஒரு கணம் பயந்தேன்.

மறுபடி தூக்கி, மறுபடி ஐந்தும் கழற்ற,
இரண்டு விரலுக்கு வந்தது சில்லு.
உள்ளே செம்மண் நிறத்தில் துரு,
பொரிந்து, அடையடையாய்.
கம்பித் தூரிகையால் தேய்த்தேன். ஊதினேன்.
உதட்டை நக்கினால் கரித்தது.
உப்பு. இன்னும்.
பாதி வெங்காயத்தைத் தோசைக்கல்லில் தேய்ப்பதுபோல்
மெல்லிசாய்க் கிறீஸ் தடவினேன்.
வசந்தத்தில் திரும்பக் கழற்ற வேண்டும்;
அப்போதும் நான்தானே.

இன்னும் மூன்று சில்லு.
நாலு மணிக்கே இருட்டிவிடும்.
வெள்ளிக்கிழமை லசாலில் ஒரு நேர்முகம்,
பகல் பதினொரு மணிக்கு.
நாலரைக்கு எழும்பி
பதினொன்றுவரைக்கும்
என்னத்தைச் செய்ய?