நாற்பத்தொன்பது

கேன்டீன் சுவரில் புரொஜக்டர் வெளிச்சம்,
சாம்பார் வாடை இன்னும் போகவில்லை.
சென்னையிலிருந்து வந்த பையன் சொன்னான்:
இனிமேல் நீங்களும் முதலாளிகள்.
பின்வரிசையில் யாரோ தும்மினார்கள்.

சந்தையில் இருநூற்றுப் பன்னிரண்டு,
நமக்கு நூற்றுக்குப் பதினைந்து தள்ளுபடி.
லாங் பஜாரில் ஆடி மாதம்
ஏற்றி எழுதி, அடித்துக் குறைத்த
புடவையை வாங்கிக் கட்டியவள் நான்.
எழுந்து கேட்டேன்:
எழுதின விலை எது, அடித்த விலை எது?
எல்லோரும் சிரித்தார்கள். அவனும்தான்.
அதற்குள் அடுத்த ஸ்லைடு வந்துவிட்டது.

மாதம் ஆயிரத்து ஐந்நூறு, ஆறு மாதம்.
சீட்டுக்காரர் கன்னியப்பனிடம்
இந்தத் தவணை நான் இல்லை என்றேன்.
"கம்பெனிக்காரன் சீட்டா? ஓடிடுவான்மா."
பதினொரு வருஷமாக ஓடாதவர் சொல்கிறார்,
கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

நாற்பத்தொன்பது பங்கு விழுந்தது.
மீதி நூற்றெழுபது ரூபாய் இருபது காசு
சம்பளத்தோடு திரும்பி வந்தது.
ஓராண்டு விற்கக் கூடாது.
பார்க்கலாம்.

வாலாஜா டோல்கேட்டில்
சிப்காட் பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம் பார்த்தேன்.
வேலூர் வெயிலில் திரை தெரியாது;
முந்தானைக்குள் போனை மறைத்துக் குனிவேன்,
பிள்ளைக்குப் பால் கொடுப்பதுபோல.

வால்வு உறைகளை அளக்கும் மேசையில்
எனக்கு எதிரே நஸ்ரீன், விஷாரத்துப் பெண்.
ஒப்பந்தக் கூலி. திட்டத்தில் அவளுக்கு இடமில்லை.
ஆனாலும் அவள்தான் முதலில் கேட்பாள்:
"எவ்ளோக்கா ஏறிச்சி?"
இரண்டு ரூபாய் என்றால்
கையுறையோடு கட்டைவிரலை உயர்த்துவாள்.
இறங்கினால்,
"நாளைக்கி ஏறும், உடுக்கா."

பங்குனியில் மூன்றாம் லைனை மூடினார்கள்.
நோட்டீஸில் செலவுக் கட்டுப்பாடு என்று இருந்தது.
ஒப்பந்தத்தில் அறுபத்திரண்டு பேர்.
நஸ்ரீன் டிபன் பாக்ஸையும் வேலைச் செருப்பையும்
ஒரே பையில் திணித்தாள்.
ஸ்கேலை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் போனாள்.

அன்று பதினொரு ரூபாய் ஏறியது.
நாற்பத்தொன்பதால் பெருக்கினேன்.
பெருக்காமல் இருந்திருக்கலாம்.
ஐந்நூற்று முப்பத்தொன்பது.
அவளுடைய ஒருநாள் கூலிக்கு மேல்
ஒன்பது ரூபாய்.

பஸ் வந்தது, நான் ஏறவில்லை.
போன் அடித்தது.
"அக்கா, நான்தான். இன்னிக்கி எவ்ளோ?"

லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே கடந்தது.
சிக்னல் இல்லை, பார்க்க முடியலை என்றேன்.
நாலு கோடும் நிறைந்து நின்றன.