ஒரே வாயில் இரண்டு தூண்டில்

விண்ட்ஹோக்கில் டிசம்பர்.
அலுவலகச் சுவரைத் தொட்டால் தோசைக்கல்.
டயர் கடையின் கணக்கேட்டை மூடிவைத்து
மேற்கே ஐந்து மணி நேரம் ஓட்டினேன்,
கடைசியில் தார் கூட இல்லை, உப்புச் சாலை.

மைல் எழுபத்திரண்டு:
பெயர் வைக்க ஆள் இல்லாததால்
தூரமே பெயராகிவிட்ட இடம்.
இந்தக் கரையில் கோடை என்றால் மூடுபனி.
கம்பளிச் சட்டைக்கு மேல் மழைக்கோட்டு,
அதற்கும் மேல் உப்பு.

இரண்டு மத்தியைச் சேர்த்து
எலாஸ்டிக் நூலால் சுற்றுகிறேன்,
காயத்துக்குக் கட்டுப் போடுவதுபோல.
கொக்கியின் முனை மட்டும் வெளியே.
நான்கு மீட்டர்க் கோலைத் தோளுக்குப் பின் சாய்த்து
இடுப்பிலிருந்து வீசுகிறேன்.
ஈயம் போகிறது.
நூல் போகிறது.
விழுந்த சத்தம் வரவில்லை;
பனி அதை வைத்துக்கொண்டது.

இனிமேல் காத்திருப்பதுதான் என்பார்கள்.
பொய்.
அலைக்கு அலை நூலைத் தளர்த்தி, இறுக்கி,
இது பாசியா, நண்டா,
ஈயம் மணலில் உருளுகிறதா என்று
ஆட்காட்டி விரலால் கேட்டுக்கொண்டே இருப்பது.
என் பிள்ளைகளின் அப்பா
வாய் திறக்காமல் வீட்டில் இருந்த வருடம்
இப்படித்தான் கேட்டேன்.
அன்றும் பெரும்பாலும் பாசிதான்.

பத்தரை மணிக்கு இழுத்தது.
கபெல்யோ மீன் என்றால்
தட்டும், யோசிக்கும், பிறகு ஓடும்.
இது யோசிக்கவே இல்லை.
வடக்கே இழுத்துக்கொண்டு போனது.
முழங்கால் தண்ணீரில்
நானும் கூடவே போனேன்,
இருநூறு அடி, முந்நூறு,
சுற்றியது பாதி, விட்டது பாதி.

எதிரே பனிக்குள் இன்னொரு கோல்,
வில்லாய் வளைந்து.
அதன் பின்னால் ஒரு மஞ்சள் கோட்டு.
கோட்டுக்குள் ஒரு மனிதன்
தெற்கு நோக்கி வருகிறான்,
என்னைப் போலவே பல்லைக் கடித்துக்கொண்டு.

"உங்களையா பிடித்திருக்கிறேன்?" என்றான்.
"குறைந்தபட்ச அளவுக்கு மேல்தான் இருக்கிறேன்" என்றேன்.
சிரித்தபடி இருவரும் நூலை விட்டுக்கொடுத்தோம்.
நூல் தளரவில்லை.
சிக்கலுக்கு அந்தப் பக்கம்
மூன்றாவதாக ஒருவர் இருந்தார்.

அடுத்த இருபது நிமிடத்தில் தெரிந்துகொண்டவை:
பெயர் எலிஃபாஸ்.
அரண்டிஸ் பக்கம் யுரேனியச் சுரங்கத்தில்
தண்ணீர் லாரி ஓட்டுகிறான்.
புழுதி எழாமல் இருக்க
பாலைவனத்துக்குத் தண்ணீர் தெளிக்கிற வேலை.
தெளித்து முடிக்கும் முனையில்
தொடங்கிய முனை காய்ந்திருக்குமாம்.
"அதனால் வேலை போகாது" என்றான்,
மூச்சு வாங்க.

அலை ஒன்று விலகியபோது கிடந்தது,
வெண்கல நிறத்தில் ஒரு சுறா,
என்னைவிட ஒரு கை நீளம்.
வாயின் இடது ஓரத்தில் என் கொக்கி,
வலது ஓரத்தில் அவனுடையது.
இரண்டு மத்திக்கட்டுகள் எங்கே என்று
அதனிடம் கேட்க வேண்டியதில்லை.

"என்னுடையதைத்தான் முதலில் தின்றது,
பாருங்கள், எவ்வளவு ஆழம்" என்றான்.
"முதல் இலை ருசிக்காததால்தானே
அடுத்த இலைக்கு வந்தது" என்றேன்.
பாதிப் பாதி என்று எழுதினால்
ஏட்டில் கணக்கு நேராகும்.
பாதிச் சுறா நீந்தாது.

அவன் வாலைப் பிடித்தான், நான் குறடு.
அவன் கொக்கி கழன்றது. என்னுடையது வரவில்லை;
நூலை ஒட்ட நறுக்கிவிட்டேன்.
துரு தின்றுவிடும் என்று எலிஃபாஸ் சொன்னான்,
நான் கேட்காமலேயே.
அடுத்த அலை வந்து தூக்கியது.
ஒரு கணம் அது எங்கள் இருவருக்கும் நடுவே
யோசிப்பதுபோல் நின்றது.
பிறகு அங்கே தண்ணீர் மட்டும்.

திரும்பி வந்து பார்த்தால்
என் பெட்டி கவிழ்ந்து கிடக்கிறது.
ஒரு மத்தி இல்லை.
ஈர மணலில் நரியின் தடம்,
அவசரமே இல்லாத தடம்.

எலிஃபாஸிடம் ஒரு பொட்டலம் இருந்தது.
உறைந்த மத்தி, ஒன்றோடொன்று ஒட்டிப்போய்.
தனித்தனியாகப் பிரிய
அரை மணி நேரமாவது ஆகும் என்றான்.

ஆகட்டும் என்றேன்.