தட்டு திறக்காத மதியம்

அரசரடியில் கீழே செராக்ஸ் கடை,
மாடியில் என் அறை.
டிரைவ் அங்கே, சர்வர் இங்கே.
நடுவில் பதினெட்டுப் படி,
ஜன்னல் கம்பியைச் சுற்றி இறங்கும் நீல வயர்.

திரை உடைந்த மடிக்கணினிக்கு
லினக்ஸ் போட்டுப் பாட்டுப்பெட்டி ஆக்கினேன்.
வாயில்லாத பிள்ளை அது.
சிடி தின்ன
ஜெபமணியின் மேசைக்குத்தான் போகவேண்டும்.

ஆதார் நகலுக்கும் லேமினேஷனுக்கும் இடையில்
அவள் ஒன்றை உள்ளே தள்ளுவாள்.
இங்கே பட்டியலில் ஒரு வரி முளைக்கும்.
முடிந்ததும் நான் கட்டளை அடிப்பேன்;
கீழே தட்டு நாக்கை நீட்டும்.
அடுத்ததைப் போடு என்று அர்த்தம்.
மூன்று மாதமாக எங்கள் பேச்சு இவ்வளவே.
டிரைவ் குடிக்கிற கரண்ட்
யார் கணக்கு என்பதில் வந்த தகராறு.

நேற்று பெயரெழுதாத ஒன்று வந்தது.
பாடியவர்: தெரியவில்லை. தடம் ஒன்று.
யாரோ மைக்கை ஊதுகிறார்கள்,
பாத்திரம் உருள்கிறது,
பிறகு மொய் வாசிக்கும் குரல்:
எல்லீஸ் நகர் தேவசகாயம் நூற்றியொன்று,
கோச்சடை அன்னத்தாய் இருநூற்றியொன்று,
மாடிவீட்டு வேலுச்சாமி
ஐநூற்றி… ஐநூற்றி… ஐநூற்றி…

கீறல்.
அதே இடத்தை மறுபடி மறுபடி
தடவிப் பார்த்தது டிரைவ்.
நாற்பத்து மூன்று சதவீதம். நகரவில்லை.
வேலுச்சாமி நான்தான்.
கொடுத்ததே மறந்துபோயிருந்தது.

வேலையை நிறுத்திவிட்டுத்
தட்டைத் திறக்கச் சொன்னேன்.
சாதனம் பயன்பாட்டில் உள்ளது என்றது.
இங்கே எதுவும் ஓடவில்லையே!

எட்டுப் படி இறங்கிக் குனிந்து பார்த்தேன்.
அட்டையால் விசிறிக்கொண்டு மூன்று பேர் நிற்கிறார்கள்.
எந்திரம் சும்மா கிடக்கிறது.
காதில் ஹெட்போனோடு ஜெபமணி,
விரல்விட்டு எதையோ எண்ணியபடி.