மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல

கருப்பூரில், ஆய்வகத்துக் குளிர் அறையில்
நாலு டிகிரியில் நிற்கிறேன்.
ஏற்காட்டில் பேரம் பேசி வாங்கிய ஸ்வெட்டர்.
மலையில் போட்டதைவிட இங்கேதான் அதிகம் போட்டிருக்கிறேன்.
வெளியே சித்திரை.
வெள்ளைக்கல் மேடுகள் ராத்திரியிலும்
பகலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

கையில் விரல்நகம் உயரத்துக்கு ஒரு குப்பி.
பார்வைக்கு வெறும் தண்ணீர்.
தண்ணீருக்குள் தண்ணீர்க் குழாய்கள்.

யாரோ ஒருவரின் சிறுநீரகத்தில் இருந்ததை
எழுத்தெழுத்தாகப் படியெடுத்து
ஈஸ்டுக்குள் ஏற்றி வளர்த்த புரதம்.
அந்த யாரோ
ஆணா, பெண்ணா, இன்னும் தாகம் எடுக்கிறவரா,
எந்தக் காகிதத்திலும் இல்லை.
குடுவையைத் திறந்தால்
புளித்த மாவு வாசனைதான் அவருக்கு.

செல்லின் சவ்வில் குடியிருப்பது இது.
சுவரிலிருந்து பெயர்த்தெடுத்த கதவை
எங்கே சாத்தி வைப்பது?
சோப்பு மாதிரி ஒன்றால் இடுப்பைச் சுற்றிக்கட்டி
நீ இன்னும் சுவரில்தான் இருக்கிறாய் என்று
நம்பவைக்க வேண்டும்.
பொய் கொஞ்சம் குறைந்தாலும்
ஒன்றையொன்று கட்டிக்கொண்டு அடியில் இறங்கிவிடும்.

மாசியில் அப்படித்தான் ஆயிற்று.
மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லை.
ஜெனரேட்டர் டீசல் கோப்பு
யாருடைய மேசையிலோ கையெழுத்துக்குக் காத்திருந்தது.
காலையில் எட்டு மாத வேலை
குப்பிக்குள் திரிந்து கிடந்தது.
இருசப்பன் எட்டிப் பார்த்து
‘தயிராயிடுச்சுங்களா மேடம்?’ என்றார்.
சிரித்தேன். அழுவதற்குக்
கழிப்பறை வரை நடக்க வேண்டியிருந்தது.

இன்று இரண்டாவது முறை.
கொழுப்பால் சின்னச்சின்ன குமிழிகள் செய்து
அவற்றின் தோலில் குழாய்களைப் பதித்தாயிற்று.
ஒரு குழாய்க்குள் ஒரே வரிசைதான்.
ஒரு மூலக்கூறுக்குப் பின்னால் இன்னொன்று.
இடித்து நுழைய இடமில்லை.
பாதி வழியில் ஒவ்வொன்றும் திரும்பிப் படுத்துத்தான் கடக்கும்.
உப்பு கெஞ்சினாலும் உள்ளே விடாது.
நொடிக்கு நூறு கோடி போகும் என்று எழுதியிருக்கிறார்கள்.
நான் எண்ணவில்லை.

இரண்டு பத்துக்கு போன் அதிர்ந்தது.
அம்மாப்பேட்டையிலிருந்து பாவாயி அக்கா.
‘தண்ணி வந்திருச்சு, நீ எங்கடி?’
ஒன்பது நாள் கழித்து வந்திருக்கிறது.
கையுறையோடு எடுத்ததால்
ஸ்பீக்கரில் சந்து முழுக்கக் கேட்டது:
குடங்கள் நகரும் சத்தம்,
‘இது யாரு கொடம், பேரு போடாத கொடம்?’
என் குடத்தில் நீலப் பெயின்ட்டில்
கோ என்று இருக்கும். கோமதவல்லியின் கோ.

கருவியில் குமிழிகளை ஊற்றினேன்.
திரையில் கோடு
கிணற்றில் கயிறு அறுந்த வாளியாய் விழுந்தது.
குழாய் இல்லாத குமிழிகளுக்கு
அதே கோடு சாவகாசமாய் இறங்கியது.
பாதரசம் ஒரு சொட்டு. கதவு சாத்திக்கொண்டது.
மறுபடி பார்த்தேன். மறுபடி.
கூப்பிட்டுச் சொல்ல அந்நேரத்தில் ஆளில்லை.
எதிர்ச்சுவரில் ஒரு பல்லி மட்டும்.

குப்பிகளுக்கு லேபிள் எழுதினேன்:
தேதி, தொகுதி இரண்டு, மனிதனுடையது.
அடுத்த வரி எல்லோரும் எழுதுவதுதான்:
ஆய்வுக்கு மட்டும், மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல.
பேனா அங்கே சற்று நின்றது.
மைனஸ் எண்பதுக்குப் பயந்தா, வேறு எதற்கா,
தெரியவில்லை.

விடியலில் ஓமலூர் பஸ்ஸில் ஏறி வந்தேன்.
வாசலில் என் குடம் நிறைந்திருந்தது,
மேலே தட்டு கவிழ்த்து, தட்டின்மேல் கல்.
பாவாயி அக்கா தலையை முடிந்தபடி கேட்டாள்:
‘ராத்திரி பூரா அப்படி என்னதான் செஞ்ச?’
‘குழாய் சரியா வேலை செய்யுதான்னு பாத்தேங்க்கா.’
‘அடி, எத்தனை நாளைக்கு ஒருக்கா விடறான்
உங்க குழாய்ல?’