நாலாம் கியர்

அடித்தள வீட்டின் தண்ணீர்க் குழாயில்
உடுப்புக் காயப்போடும் கயிற்றால்
சைக்கிளைத் தூக்கிக் கட்டியிருக்கிறேன்.
பின்சில்லு நிலத்திலிருந்து ஒரு சாண் உயரம்.
கீழே விரித்த மலிவுவிலைத் தாளில்
கோழிக்கால் படத்தின்மேல்
கறுப்பாய்ச் சொட்டுகிறது எண்ணெய்.

மொத்தம் ஏழு கியர்.
மூன்றுவரை சொன்ன சொல் கேட்கும்.
நாலு என்றால்
மூன்றிலேயே நின்று முணுமுணுக்கும்,
பிறகு திடீரென்று நினைவு வந்ததுபோல் பாயும்.
காலுக்குக் கீழே பெடல் ஒரு கணம்
இல்லாமல் போகும்.

ஹமில்டனில்
நூறு மீற்றர் மேட்டை மலை என்கிறார்கள்.
வந்த புதிதில் சிரித்தேன்.
அதன் உச்சியில்தான் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம்.
விடிய ஐந்தரைக்கு முதல் வண்டித் துணி வந்து நிற்கும்.
இப்போது சிரிப்பதில்லை.

கேபிள் நுனியில் உள்ள குமிழை
இடப்பக்கம் கால் சுற்று.
கையால் பெடலைச் சுழற்றிக் கேட்கிறேன்.
இன்னும் கால் சுற்று.
நாலு சரி, ஆறு போயிற்று.
ஆறைப் பிடித்தால் இரண்டு கோபிக்கிறது.
கலியாணப் பந்தியில்
ஒருவரை இருத்த மற்றவர் எழும்புகிற மாதிரி.

புதுக் கேபிள், ஏழு டொலர்.
பழையதை உருவியபோது உறைக்குள்ளிருந்து
உப்பும் துருவுமாய்
போன பனிக்காலம் வழிந்தது.
சங்கிலியை அகிலேசனின் பழைய பல்பிரஷால் தேய்த்தேன்.
பழையது என்றுதான் நினைக்கிறேன்.
அலன் கீ இரவல் தந்த பக்கத்து வீட்டு மர்சேனா
அந்த இரண்டு குட்டித் திருகாணிகளை மட்டும்
தொடாதே என்றிருந்தாள்.
தொட்டேன்.
சங்கிலி ஆரக்கம்பிகளுக்குள் போய்ச் செருகிக்கொண்டது.

அதை இழுத்தெடுக்கவே அரை மணித்தியாலம்.

தேத்தண்ணியோடு இறங்கி வந்தவன்
சில்லுக்குப் பின்னால் படியில் குந்தினான்.
ஊசியில் நூல் கோக்கிறவன்போல்
ஒரு கண்ணை மூடினான்.
"இது உள்பக்கமாச் சாய்ஞ்சு நிக்குது."
கொஞ்சம் பொறுத்து, என்னைப் பார்த்து,
"எங்க விழுந்தனீர்?"

பெப்ரவரி. வேலை முடிந்து இறங்கும் வளைவு.
தார் என்று நான் நினைத்தது கண்ணாடிப் பனி.
வலப்பக்கமாய், நானும் அதுவும் ஒன்றாய்.
பஸ்காரன் நிறுத்தி, கண்ணாடி இறக்கிக் கேட்டான்.
கை காட்டி அனுப்பினேன்.
இடுப்பு நீலமாகி, பச்சையாகி, மஞ்சளாகும்வரை
குளியலறைக் கதவைப் பூட்டித்தான் உடுப்பு மாற்றினேன்.
பஸ் பாஸ் எடும் என்று
கார்த்திகையிலேயே சொல்லியிருந்தான் அல்லவா,
அதற்காக.

சட்டத்தின் பின்நுனியில்
இரண்டு விரல் அகல இரும்பு,
கியர்மாற்றி தொங்குகிற காது.
அது மட்டும் எல்லாம் கேட்டிருந்திருக்கிறது.
ஒவ்வொரு நாலுக்கும்
அதையே சொல்லிக்கொண்டும் இருந்திருக்கிறது.
நான்தான் கால் சுற்று, கால் சுற்றாய்
அதன் வாயை மூடப் பார்த்தேன்.

அவன் சில்லைப் பிடித்துக்கொண்டான்.
அலன் கீயைக் கொடுத்து வெளிப்பக்கம் இழுத்தேன்.
யாருடைய காதைத் திருகவேண்டும் என்று
அவன் கேட்கவில்லை; முகம் கேட்டது.
மெல்ல வளைந்தது.
அலுமினியமாய் இருந்தால் முறிந்திருக்கும் என்று
மர்சேனா பிறகு சொன்னாள், நல்லவேளை பிறகு.

திங்கள், இருட்டு, ஏற்றம்.
கோட்டுப் பையில் ஏதோ தட்டுப்பட்டது:
பஸ் காட்.
வைத்தவன் சொல்லவில்லை.
நானும் எடுத்து வைத்துவிடவில்லை.
இரண்டாம் வளைவில் நாலைக் கேட்டேன்.
ஒரு கணம் யோசித்தது,
பிறகு உட்கார்ந்தது.

பெடல் அச்சில் மட்டும்
சுற்றுக்கு ஒரு டொக் இன்னும் இருக்கிறது.
அது என்னுடையதல்ல.
இருபது டொலருக்கு இதை விற்ற மனுசன்
எங்கேயோ, ஒருத்தருக்கும் சொல்லாமல்,
விழுந்திருக்கவேண்டும்.